பூங்கோரைக்கு எந்தப் பத்தி

நகத்தால் பிளாஸ்டிக் வாளியைச் சுரண்டினால் ஒரு சத்தம் வருமே அண்ணாச்சி, கேட்டாலே பல் கூசும், அந்தச் சத்தம்தான். ஆனால் ஒரு நகம் இல்லை. ஐந்நூறு, அறுநூறு நகம். கறக், கறக் என்று நிற்காமல். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, ராத்திரி ஒன்பது மணி இருக்கும். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓடைப் பக்கத்து ஜன்னல் வழியாக வந்தது. எலி என்று நினைத்தேன். இந்த வீட்டில் எலி உண்டு. எலி என்றுதான் நினைத்தேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள். பிள்ளை இப்போதுதான் கண்ணை மூடியது. மாமிக்குக் கேட்காது. நண்டு செத்ததிலிருந்து டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறார்கள். இடி விழுந்தாலும் தெரியாது.

உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லையே என்று மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆபீஸ் ஜீப்பில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நாள் சாம்பிள் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வந்திருப்பேன், உங்களைச் சந்தேகப்படுவேனா? ஆனால் இந்த நேரத்தில் நம் கடல் ஆய்வு நிலையத்து ஹரிகோவிந்தன் சார் அனுப்பி வந்து நிற்கிறீர்கள். ஒரு கையில் கவர். இன்னொரு கையில் பிள்ளைக்குக் கவுன் பெட்டி. அதனால்தான் வாசலிலேயே பேசிவிடலாம் என்கிறேன். கதவுக்குக் காலை முட்டுக்கொடுத்து நிற்பது உங்களுக்காக இல்லை. இந்தக் கதவில் தாழ்ப்பாள் விழாது. உப்புக் காற்று, துருப்பிடித்துவிட்டது. வீட்டுக்காரர் டெரன்ஸ் கப்பலேறிப் போய் ஆறு மாசம் ஆகிறது. அன்றிலிருந்து அம்மிக்கல்லைத் தள்ளிக் கதவுக்கு அண்டை கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறேன். பயமெல்லாம் கிடையாது. ஒரு ஜாக்கிரதைதான்.

சார் கேட்பது என்ன, அந்தப் பென்சில் தாள். அவ்வளவுதானே? “கிளாடிஸ் வீட்டுல ஒரு தாள் இருக்கு, வாங்கிட்டு இந்தக் கவரைக் குடுத்துட்டு வா” என்றிருப்பார். கவரில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்த மாசத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது. அதில் இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. தாளில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதில்லையா. தெரியாத பொருளை எப்படி வாங்கிக்கொண்டு போவீர்கள்? உங்கள் அப்பா ஐகோர்ட் துரை என்று சும்மாவா பெயர் வைத்தார்? நின்றபடியே கேளுங்கள். கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

நீங்கள் ஜீப்பில் கொண்டுவருகிற கடல்தண்ணீரை நான் என்ன செய்கிறேன்? வடிகட்டி, கட்டம் போட்ட கண்ணாடித் துண்டில் ஊற்றி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து எண்ணுகிறேன். எல்லாம் ஒற்றைச் செல் உயிர்கள். ஒன்றுக்கு ஒரு கோடு. நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே. பக்கத்தில் அந்த உயிரின் படம் ஒன்று சின்னதாக வரைந்துகொள்வேன், பெயர் எழுத நேரம் இருக்காது. எல்லாம் பென்சிலில்தான். மை ஈரத்தில் ஓடிவிடும். அப்புறம் நிதானமாக உட்கார்ந்து படிவத்தில் மையால் சுத்தப்பிரதி. படிவத்தில் இரண்டு பத்தி. இடது பக்கம் செடி. வலது பக்கம் விலங்கு. அடியில் ஒரு விதி: செடிப் பத்தியின் கூட்டுத்தொகை இத்தனைக்கு மேல் போனால் அன்றைக்கே கரையோரக் கிராமங்களுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். விலங்குப் பத்திக்கு ஒரு விதியும் கிடையாது. எத்தனை விலங்கு வந்து எங்கே செத்தாலும் கேள்வி இல்லை.

அந்தப் படிவத்தைப் போட்ட புண்ணியவான் டைனோவைப் பார்த்ததே கிடையாது. டைனோசர் இல்லை அண்ணாச்சி, அன்றைக்கே சொன்னேன். லேபில் சுருக்கமாக டைனோ என்போம். சாட்டை மாதிரி இரண்டு இழை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நீந்துகிற ஒரு பெரிய கூட்டம். அதில் பாதி வெயிலைக் குடித்துப் பிழைக்கும், செடி மாதிரி. பாதி மற்றதைப் பிடித்துத் தின்னும், மிருகம் மாதிரி. சிலது இரண்டும் செய்யும். செடி படித்தவர்கள் “எங்க வீட்டுப் பிள்ளை” என்றார்கள். விலங்கு படித்தவர்கள் “எங்க வீட்டுப் பிள்ளை” என்றார்கள். பெயர் வைக்கிற சட்டமே இரண்டு பேருக்கும் வேறு வேறு. ஒரே பிள்ளைக்கு இரண்டு கோவிலில் ஞானஸ்நானச் சீட்டு வாங்கினது மாதிரி. இப்போது புதுப் புத்தகங்களில் செடியும் இல்லை, மிருகமும் இல்லை என்று தனியாக வைத்துவிட்டார்கள். மலேரியாக் கிருமி அதற்குப் பங்காளி முறை வேண்டும். இதெல்லாம் படிவத்துக்குத் தெரியாது. படிவத்தில் இரண்டே பத்தி.

மாமியின் நண்டுக் குழுவுக்கும் அதே கதைதான். எட்டுப் பெண்கள். சட்டை உரித்த தண்ணி நண்டை வாங்கி, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் ஒன்று ஒன்றாகப் போட்டு, பெட்டிகளை மூங்கில் தெப்பத்தில் கட்டி ஓடையில் மிதக்கவிட்டு, தினமும் சங்காயம் என்கிற கழிவு மீனை வெட்டிப் போட்டு, ஓடு இறுகிச் சதை பிடித்ததும் விற்பது. மீன் ஆபீசுக்குப் போனால் “நீங்க கடலுக்குப் போகலியே, நீங்க மீனவர் இல்ல” என்றார்கள். வேளாண்மை ஆபீசுக்குப் போனால் “நண்டு என்ன பயிரா?” என்றார்கள். மாமி அங்கேயே கேட்டார்களாம், “அப்ப நாங்க யாரு சார், நண்டா?” என்று. நாலு வருஷம் நடந்து, அந்த ஓடையில் தெப்பம் கட்ட ஒரு அனுமதிச் சீட்டு வாங்கினார்கள். அந்தச் சீட்டைத்தான் நாளைக்குக் காலை பத்து மணிக்கு மீன் ஆபீசில் விசாரணை வைத்துப் பறிக்கப் போகிறார்கள்.

வருகிறேன், வருகிறேன். தாளுக்குத்தான் வருகிறேன்.

அந்தப் புதன்கிழமை நீங்கள் கொண்டுவந்த பாட்டில் பச்சையாக இருந்தது. “என்ன தங்கச்சி, புதினாச் சட்னி மாதிரி இருக்கு” என்றீர்கள். பூங்கோரை. நம் கடல்காரர்கள் வைத்த பெயர் அது. புத்தகத்தில் நாக்டிலூகா. டைனோ கூட்டத்தில் அது பெரிய ஆள், கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும். வெந்த ஜவ்வரிசி மாதிரி ஒரு உருண்டை, ஒரு வால். அதற்கென்று பச்சை கிடையாது. வயிற்றுக்குள்ளே குட்டிக் குட்டிப் பச்சை உயிர்களைக் குடிவைத்திருக்கும். அவை வெயிலில் சமைக்கும், இது உட்கார்ந்து சாப்பிடும். அது போதாது என்று வெளியிலும் பிடித்துத் தின்னும். நான் பார்த்ததில் ஒன்றின் வயிற்றில் ஏதோ ஒரு முட்டை முழுசாக இருந்தது.

எண்ணினேன், எண்ணினேன், எண்ணி மாளவில்லை. கோடு போட்டுப் போட்டு ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. செடிப் பத்தியில் போட்டுக் கூட்டினால் விதியில் சொன்ன அளவைப் போல நாலு மடங்கு. தாளின் தலையில் ‘அறிவிப்பு’ என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். பெருமை தாங்கவில்லை அண்ணாச்சி. வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷத்தில் என் கண்ணில் பட்ட முதல் பூங்கோரை. தாளை எடுத்துக்கொண்டு சாரிடம் ஓடினேன்.

அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபப்படவே இல்லை. சிரித்துக்கொண்டே கேட்டார்.

“கிளாடிஸ், செடின்னா என்ன?”

“தனக்கு வேண்டிய சாப்பாட்டைத் தானே தயாரிக்கிறது சார்.”

“இது தயாரிக்குதா?”

“இல்ல சார். உள்ள இருக்கிறதுதான் தயாரிக்குது.”

“வீட்டுக்காரன் சம்பாதிக்கிறானா, குடியிருக்கிறவன் சம்பாதிக்கிறானா?”

“குடியிருக்கிறவங்க சார்.”

“அப்ப வீட்டுக்காரனை எந்தப் பத்தியில போடணும்?”

அண்ணாச்சி, கான்வென்டில் கேள்வி முடிவதற்குள் கையைத் தூக்குகிற பிள்ளை நான். ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை. விடை தெரிந்துவிட்டால் எனக்கு வாய் நிற்காது. “விலங்குப் பத்தி சார்” என்றேன்.

“வெரி குட்” என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. மாற்று என்று அவர் சொல்லவில்லை. நாளை மறுநாள் நம் ஓடை முகத்தில் இறால் குஞ்சுப் பண்ணையின் புதுத் தண்ணீர்க் குழாய் திறப்பு விழா, பெரிய பெரிய ஆட்கள் வருகிறார்கள், அறிவிப்புப் போனால் விழா நின்றுவிடும் என்றும் அவர் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும், பந்தல் சாமானை நீங்கள்தான் ஏற்றிப் போனீர்கள். அவர் கேட்டது ஒரு கேள்வி. நான் சொன்னது ஒரு விடை. விடை சரி. இன்றைக்கும் சொல்கிறேன், எந்தப் பேராசிரியரை வேண்டுமானாலும் கூட்டி வாருங்கள், அது செடி இல்லை.

சிரிக்காதீர்கள். எனக்கு முக்கியம்.

அப்புறம் சுத்தப்பிரதி. எங்களுக்கு எட்டாம் வகுப்பில் சிஸ்டர் யூப்ரேசியா. கணக்கில் தப்பு வந்தால் ஒரே ஒரு கோட்டால் அடிக்க வேண்டும், அடித்தது கீழே தெரிய வேண்டும், பக்கத்தில் உன் கையெழுத்தைப் போட வேண்டும். “தப்பைத் தெரியும்படி அடிக்கிறவள் ஒரு தப்புத்தான் செய்கிறாள்” என்பார்கள். சிஸ்டர் சொன்னது அது. பிள்ளைகள் நாங்கள் கற்றுக்கொண்டது வேறு. பக்கத்தையே மாற்றி எழுதிவிட்டால் அடித்தலும் இல்லை, தப்பும் இல்லை, மேலே ஒரு நட்சத்திரம் கிடைக்கும். அந்தப் பழக்கம்தான். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, செடிப் பத்தியில் சில்லறையாக மற்றதை எழுதி, விலங்குப் பத்தியில் அந்தப் பெரிய எண்ணை எழுதி, தலையிலிருந்த ‘அறிவிப்பு’ என்ற சொல்லை விட்டுவிட்டு, கீழே என் கையெழுத்து. முத்து முத்தாக. சார் கையெழுத்துப் போடும்போது “பிரிண்ட் அடிச்ச மாதிரி இருக்கு” என்றார்.

பென்சில் தாளைக் கோப்பின் பின்னால் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. திட்டம் போட்டு இல்லை அண்ணாச்சி, அவ்வளவு புத்தி எனக்குக் கிடையாது. பிள்ளைக்கு அப்போது வயிற்றுப்போக்கு. எத்தனை மணிக்குப் பால் குடித்தது என்று குறித்துவரச் சொல்லியிருந்தார்கள் ஆஸ்பத்திரியில். மாமி போனில் சொல்லச் சொல்ல அந்தத் தாளின் முதுகில்தான் எழுதினேன். புதன் ஆறு பத்து, ஒன்பது நாற்பது, பன்னிரண்டே கால். தேதியும் போட்டிருக்கிறது. அப்படியே மடித்துச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் மாமி ஓடையிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டே கேட்டார்கள்.

“தண்ணி ஒரு மாதிரி வழுவழுன்னு இருக்கே பிள்ள. ஒங்க ஆபீஸ்ல ஏதும் சொன்னாவளா?”

“அறிவிப்பு ஒண்ணும் இல்ல மாமி” என்றேன்.

பொய் இல்லை. அறிவிப்பு இல்லைதானே? நான் பொய் சொல்லுகிறவள் இல்லை. போன வாரம் சார் என்னைக் கூப்பிட்டு “அந்த ரஃப் தாள் எங்க?” என்று கேட்டபோதுகூட “வீட்டில இருக்கு சார்” என்று உண்மையைத்தான் சொன்னேன். கிழித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் இன்றைக்கு இந்தக் கொசுக்கடியில் நின்றிருக்க மாட்டீர்கள். வாயில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை விழா நடந்தது. மாலை மரியாதை, மைக் செட், எல்லாம் முடிந்து ஆட்கள் போய்விட்டார்கள். சாயங்காலம் ஏற்றத்தண்ணீர் ஏறும்போது வெளியே கடலில் கிடந்த பூங்கோரை முழுசும் ஓடைக்குள் வந்துவிட்டது. இருட்டினதும் பார்க்கவேண்டுமே அண்ணாச்சி. அலை மடங்குகிற இடமெல்லாம் நீலமாக மின்னுகிறது. பிள்ளையை ஜன்னலில் தூக்கிக் காட்டினேன். ஆறு மாசப் பிள்ளை, பொக்கை வாயைத் திறந்து சிரிக்கிறது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் வந்தது வெளியே போக வழி கிடையாது. உள்ளே செத்து அழுகும். அழுகும்போது தண்ணீரிலுள்ள மூச்சையெல்லாம் அதுவே எடுத்துக்கொள்ளும். பெட்டி ஓட்டைகளைச் சளி மாதிரி அடைத்துக்கொள்ளும். பெட்டிக்குள்ளிருக்கிற நண்டு என்ன செய்யும்? மேலே வரப் பார்க்கும். மூடி இருக்கிறது. சுரண்டும்.

ஒன்பது மணிக்கு அந்தச் சத்தம்.

என்னை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? எலி என்றுதான் முதலிலேயே சொன்னேனே. மாமி அன்றைக்கு எட்டு மணிக்கே படுத்துவிட்டார்கள், மூன்று மணிக்கு எழுந்து சங்காயம் வாங்கப் போக வேண்டும். நான் எழுப்பவில்லை. ஜன்னலைச் சாத்தினேன். சாத்தியும் கேட்டது. பிள்ளையின் காதைப் பொத்தினேன். எலிக்கு யாராவது பிள்ளையின் காதைப் பொத்துவார்களா? சொல்லுங்கள், ஐகோர்ட் அண்ணாச்சி.

சரி. எலி இல்லை.

எலி இல்லை என்று அப்போதே தெரியும். எண்ணினவள் நான். எண்ணினவளுக்குத் தெரியாதா? எழுப்பினால் “எப்படித் தெரியும்?” என்று கேட்பார்கள். “புதன்கிழமையே தெரியும்” என்று சொல்ல வேண்டும். நேற்று ஏன் சொல்லவில்லை என்பார்கள். அதற்கு என்னிடம் விடை இல்லை. விடை தெரியாத கேள்விக்கு நான் கையைத் தூக்கியது கிடையாது.

பன்னிரண்டு மணிக்கு மேல் சத்தம் குறைந்தது. அப்புறம் நின்றுவிட்டது. நின்றதும் தூங்கிவிட்டேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை அண்ணாச்சி, தூங்கினேன்.

விடிந்தால் எட்டுப் பெண்களும் ஓடையில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறார்கள். ஒரு பெட்டியைத் திறந்தால் ஒரு நண்டு, மல்லாந்து. அடுத்த பெட்டியில் ஒன்று. யாரும் அழவில்லை. மூடி திறக்கிற சத்தம் மட்டும் டப், டப், டப் என்று வந்துகொண்டிருந்தது. மாமி கரையேறி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “ஒரு நாள் முன்னால தெரிஞ்சிருந்தாப் போதும் பிள்ள” என்றார்கள். “பெட்டியோட தூக்கி நெழல்ல வச்சு ஈரச் சாக்கப் போட்டா நாலு நாள் சாகாது. ஒரே ஒரு நாள்.” என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஓடையைப் பார்த்துச் சொன்னார்கள்.

அதோடு போயிருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டிருப்பேனோ என்னவோ. ஆனால் அடுத்த வாரமே பண்ணைக்காரர்கள் மனு கொடுத்தார்கள். பெண்கள் அழுகின மீனைக் கொட்டித்தான் ஓடை கெட்டது, எங்கள் குழாய்க்குள்ளும் நாற்றம், இவர்களைக் காலிபண்ணச் சொல்லுங்கள் என்று. மீன் ஆபீசிலிருந்து நம் நிலையத்துக்குக் கேட்டு எழுதினார்கள்: அந்த வாரத்தில் பூங்கோரை ஏதும் வந்ததா? நிலையத்திலிருந்து பதில் போயிற்று. ‘செடி மிதவைகள் இயல்பான அளவு.’ கூடவே என் சுத்தப்பிரதியின் நகல். முத்து முத்தான கையெழுத்தோடு.

இயல்பான அளவாம். என் கையெழுத்தை வைத்து என் மாமியைக் கெட்ட மீன் போட்டவள் என்று எழுதியிருக்கிறார்கள்.

மாமிக்கு இதெல்லாம் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், பாவம். நண்டுக் கணக்கைக்கூட அடுப்படிச் சுவரில் கரியால்தான் போடுவார்கள். நாலு கோடு, குறுக்கே ஒன்று. பக்கத்தில் ஆண் நண்டுக்கு ஒரு படம், பெண் நண்டுக்கு ஒரு படம். அந்தத் தாளையே பாருங்களேன், பால் நேரம் எழுதின தாள் என்று நினைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து எடுத்து, பிஸ்கட் டின்னுக்குள்ளே வீட்டுப் பத்திரம், அனுமதிச் சீட்டு, ஞானஸ்நானச் சீட்டோடு பத்திரமாக மடித்து வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பாக வந்தது. “ஏன் மாமி இதப் போய் இங்க வச்சீங்க?” என்று கேட்டேன். “வால் வச்ச ஜவ்வரிசி நல்லா வரைஞ்சிருக்கியே பிள்ள, அதான்” என்றார்கள். படம் பிடித்துவிட்டது போலிருக்கிறது. நான் பேச்சை மாற்றிவிட்டேன். கொஞ்ச நாளாக ஞாபக மறதியும் வந்துவிட்டது அவர்களுக்கு. தினமும் படுக்கும்போது ஒரே கேள்வி. “ஏதும் சொல்லணுமா பிள்ள?” “ஒண்ணும் இல்ல மாமி, தூங்குங்க” என்பேன். மறுநாளும் அதே கேள்வி. வயசுதான் காரணம்.

கவரைத் திறந்து காட்ட வேண்டாம் அண்ணாச்சி. வேண்டாம் என்றேன். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொல்கிறேன்.

எனக்குத் தெரியும், வேலை போனால் என்ன ஆகும் என்று. மைக்ராஸ்கோப் பார்க்கிற வேலை இந்தக் கரையில் வேறு எங்கே இருக்கிறது? டெரன்ஸ் வந்து கேட்டால் என்ன சொல்வேன்? அதைவிட, மாமிக்குத் தெரிந்தால்? இது அவர்கள் வீடு. நான் அவர்கள் மகனைக் கட்டி வந்தவள். அறுநூறு பெட்டியைத் தூக்கிக் கட்டின கை அது. அந்தக் கையால்தான் என் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறார்கள். தெரிந்தபிறகு பிள்ளையைத் தூக்குவார்களா, தூக்கினால் என் முகத்தைப் பார்ப்பார்களா? மூன்று வாரமாக இதுதான் எனக்கு ராத்திரி முழுக்க. நீங்கள் ஜீப்பை நிறுத்தின சத்தம் கேட்டதும் அம்மிக்கல்லோடு நானும் கதவில் சாய்ந்து நின்றேன், தெரியுமா? பயம் இல்லை என்று சொன்னேனே, அதையும் அடித்துவிடுங்கள். ஒரே கோட்டால் அடியுங்கள், கீழே தெரியட்டும்.

ஆனால் தாளைத் தர மாட்டேன்.

தர மாட்டேன் அண்ணாச்சி. சார் கிட்டே அப்படியே சொல்லுங்கள். நாளைக்குப் பத்து மணிக்குப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போவேன். தாளை மேசையில் விரிப்பேன். இதைப் புதன்கிழமை எண்ணினது நான், அதை அன்றைக்கே மாற்றி எழுதினதும் நான் என்று சொல்வேன். பூங்கோரை விலங்குப் பத்தியில் போகலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் அது வந்தது வந்ததுதான் என்று சொல்வேன். எந்தப் பத்தியில் எழுதினாலும் நண்டு செத்துப்போகும் சார் என்று சொல்வேன். சார் அங்கே உட்கார்ந்து மறுபடியும் “செடின்னா என்ன?” என்று கேட்கட்டும். இந்தத் தடவை நான் கேட்கிறேன். “அறிவிப்புன்னா என்ன சார்?” வேலையை எடுத்துக்கொள்ளட்டும். கோடு போட்டு எண்ணுகிற கையை எடுத்துக்கொள்ள முடியாது. நண்டாவது எண்ணுவேன்.

மாமிதான்... மாமிக்கு மட்டும் அங்கே எல்லார் முன்னாலும் கேட்டு முதல்முதலாகத் தெரியக் கூடாது. காலையில் எழுந்ததும் சொல்லிவிட வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. நீங்களே சொல்லுங்களேன், எப்படி ஆரம்பிக்க?

“ஆரம்பிச்சு முடிச்சிட்டியே பிள்ள.”

ஐயோ.

மாமி. நீங்க... மாத்திரை போட்டுக்கிட்டுத் தூங்கலையா?

“மாத்திரையா? மூணு வாரமா நான் போடல. தூங்கிட்டா நீ சொல்லும்போது யாரு கேக்க?”

மாமி, நான்...

“கோட்டை எண்ண எனக்குத் தெரியும். எழுத்துதான் தெரியாது. நண்டு செத்த அன்னைக்கே அலமாரியில பாத்தேன், ஓடையில கெடந்த அதே ஜவ்வரிசி. நீயா சொல்லணும்னுதான் டின்னுல போட்டு வச்சேன். எடுத்துக் கிழிக்கியா, எடுத்துக் குடுக்கியான்னு பாத்தேன். இன்னும் எம் மனசு ஆறல, அத ஒங்கிட்ட மறைக்கல. அது வேற. நாளைக்குப் போயிட்டு வந்து சண்டை போடுவோம். ஐகோர்ட்டு, ஏம்பா நிக்க? வீட்டுக்குப் போ. கவுன ஒங்க சாருக்கே குடு, அவருக்கு அளவு சரியா இருக்கும்.”

போங்கள் அண்ணாச்சி. நீங்கள் சிரித்துவிட்டீர்கள், அதுவே தீர்ப்பு மாதிரிதான். கவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். படியில் பார்த்து இறங்குங்கள், பாசி இருக்கிறது.

“தாழ்ப்பாளப் போடு பிள்ள.”

அது விழாது மாமி. துருப்பிடிச்சிருக்கு. நான் அம்மியத் தள்ளுதேன்.

“துரு இல்ல. கதவு இறங்கியிருக்கு. கைப்பிடியப் பிடிச்சுக் கதவ மேல தூக்கிக்கிட்டுத் தள்ளு. ஆறு மாசமா அம்மியத் தள்ளுதியே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

தூக்குகிறேன். கனமாக இருக்கிறது மாமி. இன்னும் கொஞ்சம்...

டக்.

கேட்டதா அண்ணாச்சி? இதுவும் எலி இல்லை.